கந்தனும் வள்ளியம்மையும்

"எதுகை இல்லை, மோனை இல்லை, இதையும் கவிதை என்கிறார்களே!" என்றார் என் சித்தப்பா. அவர் கையில் இருந்தது பாரதியாரின் வசன கவிதை. அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆகவே நம் ஆண்டு மலரைத் துணைக்கு அழைக்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ஆம் ஆண்டு 'புல்லின் இதழ்கள்' நூலை வெளியிட்டார். யாப்பை உதறிவிட்டு, தன்னையும் புல்லையும் ஒன்றாகவே பாடினார். அவரைப் பற்றிப் பாரதியார் கட்டுரை எழுதியிருக்கிறார். பின்வந்த ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைக்கு இவ்விருவருமே தூண்டுதல். வரலாறு இவ்வளவு போதும்.

பாரதியாரின் வசன கவிதையில் 'காற்று' என்றொரு பகுதி உண்டு. மாடியில் ஓர் ஓலைப்பந்தல். மூங்கிற்கழிகளைக் கட்டியது போக மிஞ்சிய இரண்டு கயிற்றுத் துண்டுகள் தொங்குகின்றன. ஒன்று ஒரு சாண். மற்றது முக்கால் சாண். யாருக்கும் வேண்டாத மிச்சம்! கவிஞரோ அவற்றைக் கந்தன், வள்ளியம்மை என்று கணவன் மனைவியாக்கிப் பேசுகிறார். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் வள்ளியம்மை அசையவில்லை. உறக்கமோ என்று கேட்கிறார். காற்றுத் தேவன் தோன்றி, உறக்கமில்லை, இறந்துவிட்டது என்கிறான். தன் உறவு இருந்தால்தான் உயிர், இல்லையேல் சவம் என்கிறான். கவிஞர் வணங்குகிறார்.

கயிறு வீட்டு மனிதர்போலப் பேசுகிறது. நாமும் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். திடீரென்று சாவு வந்து நிற்கிறது. செய்யுளின் தாளம் இருந்திருந்தால் இந்தத் திடுக்கிடல் கிடைத்திருக்குமா? சித்தப்பாவுக்கு என் பதில் இதுதான்.

ஆனால் கவிஞரோடு எனக்கும் ஒரு வழக்கு உண்டு.

கீரிப்பாறையில் எங்கள் முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொடிக்கயிற்றின் முடிச்சுக்கு அப்பால் ஒரு முழம் மிச்சம் தொங்கும். காளிகேசம் காட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கினால் அது துள்ளும். சென்ற ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் பாட்டியின் மூச்சு நின்றது. வெளியே அந்தக் கயிறு ஆடிக்கொண்டுதான் இருந்தது. காற்றெல்லாம் வீட்டைச் சுற்றி வீச, பாட்டிக்கு மட்டும் ஒரு மூச்சு இல்லை. காற்றுத் தேவன் சொன்னது எனக்கு அன்று விளங்கிற்று.

மண்ணால் செய்த மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதினார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். அசிசியார் காற்றைச் சகோதரன் என்று அழைத்தார். ஆகவே, மூச்சு எனக்குச் சொந்தமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சு போனதும் எஞ்சுவது வெறும் சவந்தானா? பெயர் எங்கே போகும்? அந்தப் பந்தற் கயிறு எப்போதோ மட்கியிருக்கும். நாமோ நூறாண்டு கடந்தும் அதை வள்ளியம்மை என்றே சொல்கிறோம். பெயர் வைத்தவர் பாரதியார்தானே! அவரே வைத்த பெயர் காற்றுத் தேவனுக்கு அடங்கவில்லை. 'நான்' என்பது எனக்குள் இருக்கும் மூச்சு மட்டுமன்று, என்னை ஒருவர் அழைக்கும் அழைப்புமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. கவிஞர் இதைச் சொல்லவில்லை; செய்து காட்டிவிட்டார்.

நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாள் திருப்பலியில் இறந்தோரின் பெயர்களை வாசித்தார்கள். பாட்டியின் பெயர் வந்ததும் என் தம்பி சட்டென்று திரும்பிக் கோவில் வாசலைப் பார்த்தான்.