ஓவர் ஆக்டிங் என்று சொல்வதற்கு முன்

பழைய படத்தில் நாலு நிமிடம் பார்த்துவிட்டு "ஓவர் ஆக்டிங்பா" என்று முடித்துக்கொள்வது இப்போது ரசனைச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. பராசக்தி கோர்ட் சீனில் ஒரு துண்டு, பாசமலர் கடைசிக் காட்சியை வைத்து ஒரு மீம். சிவாஜி கணேசன் கணக்கு முடிந்தது. நான் ஒன்றும் பழைய படப் பண்டிதன் இல்லை. திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில் ராத்திரி சாப்பிட்டபின் எதையாவது போட்டுப் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு தொழில்முறைச் சண்டை இருக்கிறது: நீங்கள் பார்த்தது அந்தப் படமே இல்லை.

1973இல் ராஜராஜ சோழன் வரும்வரை தமிழில் சினிமாஸ்கோப் கிடையாது. அதற்கு முன் வந்த படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவித் திரை 16:9, அதாவது 1.78. இணையத்தில் ஏற்றுகிற புண்ணியவான் திரையை நிரப்ப ஆசைப்பட்டால் இரண்டு வழிதான். பக்கவாட்டில் இழுத்தால் முகம் 30 சதவீதம் அகலமாகிவிடும். மேலும் கீழும் வெட்டினால் படத்தின் 23 சதவீதம் போச்சு. உடம்பு முழுக்க நடிக்கிற ஒரு ஆளை இப்படிப் பண்ணினால் என்ன மிஞ்சும்? திருவிளையாடலில் (1965) அந்த மீனவர் நடையைப் பாதத்தை வெட்டிவிட்டுப் பார்த்து என்ன சொல்வது? ஒலி இன்னும் மோசம். பிரதிக்குப் பிரதி சுருக்கிச் சுருக்கி, குரல் உயருகிற இடமெல்லாம் கரகரவென்று உடைகிறது. கத்துவது அவர் இல்லை சார், ஃபைல்.

சரி, நல்ல பிரதியே கிடைத்தாலும் அந்தக் கோர்ட் சீன் சத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. 1952இல் குணசேகரன் நீதிபதியிடமா பேசுகிறான்? கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசுகிறான். எழுதியவர் மு. கருணாநிதி, பேசியவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். அது பொதுக்கூட்டம். அதை இயல்பாகப் பேசச் சொல்வது, நம்ம ஊர் தெருக்கூத்தில் கட்டியக்காரனை "கொஞ்சம் மெதுவா பேசுப்பா" என்று கேட்கிற மாதிரி.

அதே நடிகரை இரண்டே வருடம் கழித்து அந்த நாள் (1954) படத்தில் பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு, ஒரு பாட்டு கிடையாது. சென்னை மேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943இல் நடக்கிற கதை. சிவாஜி ரேடியோ இன்ஜினியர். படம் தொடங்கும்போதே செத்துப்போகிறார். பிறகு ஆளாளுக்குச் சொல்கிற கதைகளில்தான் வருகிறார். தன் கண்டுபிடிப்பை அரசாங்கம் மதிக்கவில்லை என்ற கசப்பு ஒரு மனுஷனை எதுவரை கொண்டுபோகும் என்பதை அடக்கிய குரலிலேயே காட்டுகிறார். இன்ஜினியர்களுக்கு அந்தக் கசப்பு கொஞ்சம் நன்றாகவே புரியும். இதை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை, ஏனென்றால் வெட்டி எடுக்கத் தோதாக அதில் எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதில்லை. வி.சி. கணேசனின் 'வி' விழுப்புரம். அந்தப் பெருமையில் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் வாய் திறக்க முடியாது. "நடிகர் திலகத்தையே சொல்றியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் படம், எந்தக் காட்சி, ஏன் நல்லா இருக்கு என்று கேட்டால் பதில் வராது. எழுபதுகளின் கடைசியில் வந்த பல படங்களில் விக்கும் கோட்டும்தான் நடிக்கின்றன என்று நான் சொன்னால் அது துரோகம். கும்பிடுகிறவரும் படத்தை முழுசாகப் பார்ப்பதில்லை, கிண்டல் செய்கிறவரும் பார்ப்பதில்லை.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸுக்கு (1931) இன்று ஒரு பிரதி கிடையாது. கர்ணனை 2012இல் டிஜிட்டலில் சரிசெய்து வெளியிட்டபோது தியேட்டருக்குக் கூட்டம் வந்தது. கூட்டம் வரும் என்று ஒருவர் நம்பிக் காசு போட்டதால் நடந்தது அது. பழசு என்றாலே ஓவர் ஆக்டிங் என்று ஒரு தலைமுறை முடிவுகட்டிவிட்டால், மிச்சமிருக்கிற நெகடிவுக்கு யார் செலவு செய்வார்கள்?

இன்று ராத்திரி ஏதாவது ஒன்றைப் போடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் சுவர்க்கடிகாரமோ நெற்றிப்பொட்டோ தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். வட்டம் முட்டை மாதிரி இருந்தால் அது இழுத்த பிரதி. மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.