இலாபம் இருக்கிறது, பணம் எங்கே?

தீபாவளிக்கு முன், ஒரு சிறிய பலகாரக் கடைக்கு அலுவலகம் ஒன்றிலிருந்து 5,000 வெள்ளிக்கு முறுக்கும் அதிரசமும் வேண்டுமென்று ஆர்டர் வருகிறது. மாவு, எண்ணெய், கூலி என்று 3,000 வெள்ளி செலவாகிறது. பலகாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. பணம் 60 நாள் கழித்துத்தான் வரும். ஆனால், கணக்கில் அன்றைக்கே 2,000 வெள்ளி இலாபம்! மாதக் கடைசியில் வாடகை கேட்டுக் கட்டட உரிமையாளர் வந்து நிற்கிறார். கல்லாவிலோ 3,000 வெள்ளி குறைந்திருக்கிறது. கடைக்காரர் பொய்க்கணக்கு எழுதவில்லை. இலாபம் வேறு, கையில் உள்ள பணம் வேறு.

பெரிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பொருளையோ சேவையையோ வழங்கியதும் வருமானம் பதிவாகிவிடும். பணம் வந்ததா என்பதை இலாப நட்டக் கணக்கு சொல்லாது; பணப்புழக்க அறிக்கைதான் சொல்லும். அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, அன்றாட வணிகத்தில் வந்துபோன பணம். இரண்டாவது, இயந்திரம், கட்டடம் போன்றவற்றை வாங்கியதும் விற்றதும். மூன்றாவது, வாங்கிய கடன், திருப்பிய கடன், பங்கு வெளியீடு, பங்கு ஈவு.

முதல் பகுதி பெரும்பாலும் இலாபத்தில் தொடங்கும். நம் கடையின் அறிக்கையில் முதல் வரி 2,000 வெள்ளி. வாடிக்கையாளர் இன்னும் தராத 5,000 வெள்ளியை அதிலிருந்து கழித்தால், மிஞ்சுவது 3,000 வெள்ளிப் பற்றாக்குறை. என்னைக் கேட்டால், இந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் எந்த நிறுவனத்தையும் நல்ல நிறுவனம் என்று சொல்லக்கூடாது.

சிங்கப்பூரின் ஹைஃபிளக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1989இல் ஒலிவியா லம் தொடங்கிய இந்த நிறுவனம், நீர்ச் சுத்திகரிப்பில் பெயர் பெற்று, 2001இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2013இல் துவாஸ்பிரிங் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. இத்தகைய ஆலையைக் கட்டும்போதே கட்டுமான வருமானமும் இலாபமும் கணக்கில் ஏறிவிடும். பணமோ, அதன் பிறகு 25 ஆண்டுகள் தண்ணீரை விற்றுச் சிறிது சிறிதாகத் திரும்ப வரவேண்டும். ஆகவே, ஹைஃபிளக்ஸ் இலாபம் காட்டிய பல ஆண்டுகளில், பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதி பற்றாக்குறையையே காட்டியது. அந்தப் பள்ளத்தைக் கடன் நிரப்பியது. ஆண்டுக்கு 6 விழுக்காடு தருவதாகச் சொன்ன பத்திரங்களைப் பொதுமக்களும் வாங்கினர். ஆலையோடு இருந்த மின்நிலையமும், மின்சார விலை சரிந்ததால், கைகொடுக்கவில்லை.

பங்குச் சந்தைக்கு வந்தபின் 2017இல்தான் அது முதன்முதலாக ஆண்டு நட்டத்தை அறிவித்தது. 2018 மே மாதத்தில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஏறத்தாழ 34,000 பேரின் 900 மில்லியன் வெள்ளி அதில் சிக்கியது. அவர்களுள் ஓய்வுபெற்றவர்கள் பலர். 2021இல் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இலாபத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு எச்சரிக்கை 2017 கணக்கில்தான் கிடைத்தது. பணப்புழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கும்.

பற்றாக்குறை என்றாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. புதிதாக வளரும் நிறுவனத்திற்கு ஓரிரு ஆண்டு அப்படி இருப்பது இயல்பு. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2002இல் அமேசான் நிறுவனம் 149 மில்லியன் அமெரிக்க டாலர் நட்டம் காட்டியது. ஆனால், அன்றாட வணிகத்தில் அதற்கு 174 மில்லியன் டாலர் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர்கள் உடனே பணம் கட்டினார்கள். பொருள் கொடுத்தவர்களுக்கு அமேசான் பிறகே பணம் கொடுத்தது. ஓராண்டை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ஐந்தாண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும்.

‘இதெல்லாம் கணக்கியல் படிப்பவர்களுக்குத்தானே?’ என்று சிலர் கேட்கலாம். நான் உடன்படமாட்டேன். அந்தப் பத்திரங்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கணக்காளர்கள் அல்லர். சேமிப்பை வைத்திருந்த சாதாரண மனிதர்கள். இதைப் படிக்கத் தேவைப்படுவது கூட்டலும் கழித்தலும்தான். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்பக்கங்களில் தலைவரின் புன்னகையும் வண்ணப் படங்களும் இருக்கும். பணப்புழக்க அறிக்கை, படமே இல்லாத பின்பக்கங்களில் இருக்கும்.