இதயம் வெறும் பம்பா?

செப்டம்பர் 29, உலக இதய நாள் வந்துவிட்டால் மேடைக்கு மேடை அதே உவமைதான். இதயம் ஒரு பம்பு, கிட்னி ஒரு வடிகட்டி, இரண்டுக்கும் தனித்தனி வேலை, பம்பு நன்றாக ஓடுகிறவரை கவலை வேண்டாம். பள்ளிப் பாடம் முதல் விழிப்புணர்வுத் துண்டறிக்கை வரை இதையே வருடக்கணக்கில் ஒப்பிக்கிறார்கள். பாமரருக்கும் சட்டென்று புரியும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். அப்படிப் புரிந்துகொண்டவர்தான் நோய் முற்றியபின் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்.

எந்தப் பம்பும் ஹார்மோன் சுரப்பதில்லை; இதயம் சுரக்கிறது. 1981இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடால்ஃபோ டி போல்டும் சக ஆய்வாளர்களும் எலி இதயத்தின் மேலறைத் தசையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். சிறுநீர் பத்து மடங்கு பெருகியது. அதில் வெளியேறிய சோடியம் முப்பது மடங்குக்கு மேல்! இதயம் கிட்னிக்கு நேரடியாக உத்தரவு போடுகிறது என்பதற்கு அன்றே தடயம் கிடைத்துவிட்டது. இன்று மூச்சுத் திணறலோடு வருபவருக்கு எடுக்கும் பிஎன்பி ரத்தப் பரிசோதனையும் இதயம் சுரக்கும் ஹார்மோனைத்தான் அளக்கிறது.

கிட்னி வெறும் வடிகட்டி என்பதும் தவறு. ரெனின் என்ற ஹார்மோனைச் சுரப்பது அதுதான்.

'ஓடுகிறவரை கவலை வேண்டாம்' என்பது இன்னும் ஆபத்தான பேச்சு. இரண்டு கிட்னியும் சேர்ந்தால் சுமார் 300 கிராம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. அந்த வரத்து சற்றுக் குறைந்தாலும், உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டதுபோல் கிட்னி ரெனினைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களும் கூடுகின்றன. உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. இதயத்துக்குச் சுமை ஏறுகிறது. இடது கீழறை பலவீனப்பட்டும் எந்தத் தொல்லையும் உணராதவர்களின் ரத்தத்திலேயே நார்அட்ரினலின், வாசோபிரசின் என்ற ஹார்மோன்கள் கூடியிருந்ததை 1990இல் 'சால்வ்டு' (SOLVD) என்ற இதய ஆய்வை நடத்தியவர்கள் எழுதிவைத்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பம்புக் கதையை அடியோடு சாய்த்தது மில்ரினோன் என்ற மாத்திரை. இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் மருந்து அது. கோளாறு பம்பில் மட்டும்தான் என்றால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்திருக்க வேண்டும். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரிடம் சோதித்த முடிவு 1991இல் வெளிவந்தது: மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1987இல், ஸ்காண்டிநேவிய நாடுகளில் 253 நோயாளிகளிடம் எனலாப்ரிலைச் சோதித்திருந்தார்கள். அது துடிப்புக்கு வலுவூட்டும் மருந்தே அல்ல. ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். எனலாப்ரில் எடுத்தவர்களில் 26 சதவீதம். 1999இல் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை மேலும் 30 சதவீதம் குறைத்தது. பம்பை முடுக்கிய மருந்து ஆளைக் கொன்றது, ஹார்மோனை அடக்கிய மருந்து காப்பாற்றியது. இத்தனைக்குப் பிறகும் மேடையில் பம்பைப் பற்றியே பேசுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

இந்தப் பேச்சு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அறுபது வயதுக்காரர் ராத்திரியில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். 'வயசாச்சு, சர்க்கரையா இருக்கும்' என்கிறார்கள். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிக் கிட்னிக்கு வந்து சேர்வதாலும் அப்படி ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் செருப்பு வார் காலில் தடம் பதிக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அவரோ மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குகிறார். அந்த மாத்திரை கிட்னியின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து உப்பை இன்னும் தேக்கும். கால் வீக்கத்துக்குக் கிட்னி டாக்டர், மூச்சு வாங்கினால் ஹார்ட் டாக்டர் என்று இரண்டு ஃபைல் தனித்தனியாகத் தடிக்கின்றன. எக்கோ முடிவு ஒன்றில், கிரியாட்டினினும் பொட்டாசியமும் மற்றொன்றில்.