ஓடை படிக்க ஆளுக்கொரு நிரலா?

பெங்களூர் வந்த நம் தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கணினி படிக்கிறது. கல்லூரி புராஜெக்ட் என்றதும் அவர்களுக்கு முதலில் தோன்றுவது "நியூஸ் ஆப்". ஊர்ச் செய்தி, கோயில் அறிவிப்பு, பாட்காஸ்ட் எல்லாவற்றையும் செய்தியோடை வழியாக ஒரே திரையில் கொண்டுவருவது. நல்ல காரியம். ஆனால் பத்துப் பிள்ளைகள் செய்தால், பத்துப் பேரும் ஓடையைப் படிக்கும் பகுதியை முதலிலிருந்து எழுதுகிறார்கள். அது வேண்டாத வேலை என்பது என் கட்சி. பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது, சொல்கிறேன்.

"தலைப்பு, சுட்டி, தேதி. அவ்வளவுதானே அங்கிள்?" என்பார்கள். அவ்வளவுதான் இல்லை. ஆர்.எஸ்.எஸ். 1999-ல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. 2000-ல் 1.0 வந்தது, 2002-ல் 2.0 வந்தது. 2.0 என்பது 1.0-இன் அடுத்த பதிப்பு என்று நினைத்தால் போச்சு. இரண்டும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு அமைப்பில் செய்தவை. இந்தச் சண்டை தீரட்டும் என்று 2005-ல் ஆட்டம் 1.0 வந்தது. பங்காளி ஒருவர் கூடியதுதான் மிச்சம் :-)

தேதியை மட்டும் பாருங்கள். ஆர்.எஸ்.எஸ். 2.0 தேதி எழுத 1982-ல் மின்னஞ்சலுக்காகப் போட்ட விதியைப் பின்பற்றுகிறது. அதில் அமெரிக்க நேரங்களுக்குச் சுருக்கப் பெயர் உண்டு, நம் ஐ.எஸ்.டி. கிடையாது. +0530 என்றுதான் எழுத வேண்டும். ஐ.எஸ்.டி. என்று எழுதினால், தெரியாத பெயர் என்று அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும் நிரல்கள் உண்டு. அப்போது 12-ஆம் தேதி இரவு 10 மணிக்குப் போட்ட செய்தி, நம் திரையில் 13-ஆம் தேதி அதிகாலை 3.30 ஆகிவிடும்.

ஐந்தரை மணி நேரம்தானே என்று விட முடியாது. எங்கள் குடியிருப்பில் ஒருவர், ஊரில் தன் பழைய வாத்தியார் இறந்த அறிவிப்பை இப்படி ஒரு ஆப்பில் பார்த்தார். "நாளை காலை அடக்கம்" என்று போட்டிருந்தது. மேலே காட்டிய தேதி ஒரு நாள் தள்ளி. அதை நம்பி, அன்றிரவே ஏற வேண்டிய பஸ்ஸை மறுநாள் இரவு ஏறினார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளியூரில் இருப்பவனுக்குத் தேதி என்பது வெறும் தகவல் இல்லை.

வங்கிக் கிளியரிங்கில் காசோலையைக் கொண்டு வருபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், கணக்கில் ஏற்றுபவர் ஒருவர். ஓடைக்கும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். கொண்டுவரும் பகுதி, "போன தடவைக்குப் பிறகு மாறியதா?" என்று கேட்டு, மாறவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பட்டும். படிக்கும் பகுதி, எந்த வடிவம் வந்தாலும் ஒரே அமைப்பில் கொடுக்கட்டும். சேமிப்பதும் காட்டுவதும் மூன்றாவது ஆள் வேலை. இப்படிப் பிரித்தால்தான் ஒன்றை மாற்ற மற்றதை உடைக்க வேண்டாம், ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும். வேர்ட்பிரஸ் 2009-ல் மேக்பை என்ற ஓடை நிரலை விட்டுவிட்டு சிம்பிள்பைக்கு மாறியது. இரண்டுமே வெளியில் யாரோ எழுதிப் பொதுவில் வைத்தவை. அவ்வளவு பெரிய ஆட்களே சொந்தமாக எழுத உட்காரவில்லை.

தப்பும் தவறுமாக வரும் ஓடையை என்ன செய்வது? தள்ளிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி, எப்படியாவது படித்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது. அதாவது பிழைக்கும் ஒரு விதி உண்டு. ஆளுக்கொரு ஊகம் கிடையாது. மார்க் பில்கிரிம் 2002-ல் பைத்தானில் தொடங்கிய ஃபீட்பார்சர் இதைத்தான் செய்கிறது. உடைந்த ஓடையையும் முடிந்தவரை படிக்கும். கூடவே "போஸோ" என்று ஒரு கொடி காட்டி, இது சரியில்லை என்று சொல்லிவிடும். அவர் 2011-ல் இணையத்தை விட்டே விலகினார். நிரல் நிற்கவில்லை, மற்றவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். தனியாக எழுதி வைத்த நிரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பையனுக்கு வேலை கிடைத்தால் ஆப் அநாதை.

"சொந்தமா எழுதினால்தானே கத்துக்க முடியும்?" என்றால், சரிதான். கற்றுக்கொள்ள ஒரு தடவை எழுதட்டும். நாலு பேர் நம்பிப் பயன்படுத்தும் ஆப்பில் அதைப் போட வேண்டாம். உழைக்க ஆசை இருந்தால், ஃபீட்பார்சர் கூடவே ஆயிரக்கணக்கான சோதனை ஓடைகள் வருகின்றன. ஐ.எஸ்.டி. என்று தேதி போட்ட நம் ஊர் ஓடை ஒன்று அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் சேர்க்கட்டும். பத்துப் புது ஆப்களைவிட அந்த ஒரு சோதனை நம் மக்களுக்கு அதிகம் உதவும்.