வார்டுக்கு இவ்வளவு

“எல்லா வார்டுக்கும் சமமா நிதி ஒதுக்குங்க.” மாமன்றக் கூட்டங்களில் கட்சி பேதமில்லாமல் காதில் விழும் கோரிக்கை இது. சேலத்தில் 60 வார்டுகள். தொகையை அறுபதால் வகுத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காதுதான். எனக்கு இந்தச் சமத்துவத்தில் உடன்பாடில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அந்தப் பணம் போனால், இருக்கிற நடைபாதையைப் பெயர்த்துப் புது டைல்ஸ் பதிப்பார்கள். அம்மாபேட்டையின் நெசவாளர் சந்துகளில் கதை வேறு. மழை வலுத்து சாக்கடை நிரம்பினால், வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஊறுவது தறிக்குழியில். மிதிபலகை நனைந்து, பாவில் ஈரம் ஏறிவிடும். குழியை இறைத்துக் காயவைத்த பிறகுதான் நாடா ஓடும். அதுவரை கூலி கிடையாது. இரண்டு தெருவுக்கும் ஒரே தொகை என்பது எந்த ஊர் நியாயம்?

வரி வாங்கும்போது மட்டும் அரசுக்கு ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 2022-ல் சொத்துவரியை உயர்த்தியபோது சேலம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் என்று படிவைத்தார்கள். நல்ல காரியம். செலவிலும் அந்தப் படி வேண்டாமா?

‘நமக்கு நாமே’ திட்டத்தில் இந்தப் படி தலைகீழாகவே ஆகிவிடுகிறது. நகரப் பகுதிகளில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். குடியிருப்போர் சங்கமும் கையில் காசும் உள்ள காலனிக்குப் பூங்கா வந்துவிடும். ஏழைகள் வாழும் கிச்சிப்பாளையத்தில் யார் செக் எழுதுவது? 2016-ல் கிடைத்த ஸ்மார்ட் சிட்டியும் பெரும்பணத்தை நகரின் ஒரு பகுதிக்குள்ளேயே போட்ட திட்டம். அதில் கட்டி 2023-ல் திறந்த ஈரடுக்குப் பேருந்து நிலையம் அழகாகத்தான் இருக்கிறது, நானும் அங்கேதான் பஸ் ஏறுகிறேன். ஆனாலும்!

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்களே கூடிப் பேசி நகராட்சிப் பணிகளை முடிவு செய்தார்கள் என்று எல்லோரும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டமல்ல, பங்கீடு. எங்கே வசதி குறைவோ, எங்கே ஜனம் அதிகமோ அந்தப் பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண். பிற்பாடு அங்கேயும் இந்த முறை தேய்ந்துபோனது. நம்மிடமும் வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைகள் உண்டு. 2022 நவம்பர் 1-ல் சென்னையை அடுத்த பம்மலில் நடந்த சபையில் முதல்வரே உட்கார்ந்தார். அங்கே வாங்கும் மனு பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறாவிட்டால், அது இன்னொரு குறைதீர்க் கூட்டம், அவ்வளவுதான்.

பட்ஜெட் புத்தகத்தில் குடிநீர், சாலை, தெருவிளக்கு என்று துறைவாரியாகத்தான் கணக்கு. கூடவே வார்டுக்கு ஒரு பக்கம் போடட்டும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், மூடாத சாக்கடை எத்தனை மீட்டர், ஐந்தாண்டில் செலவழித்தது எவ்வளவு. எந்தப் பக்கத்தில் குறை அதிகமோ, அந்த வார்டுக்கு முதல் பங்கு. சேலம் யோசிப்பதற்குள் நாமக்கல் தொடங்கிவிடலாம். 2024-ல்தான் மாநகராட்சி ஆனது, பழைய வழக்கம் என்று கைகாட்ட அங்கே யாராலும் முடியாது.