எந்த மவுனம்? யாருக்குச் சமாதானம்?

ஆவூரைப் பற்றிப் புதுக்கோட்டைப் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1747ஆம் வருஷத்தில் கட்டிய மாதா கோவில் அங்கே இருக்கின்றது. வீரமாமுனிவர் என்று நம் புலவர்கள் கொண்டாடும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி அவ்வூரில் இருந்து ஊழியம் செய்தார் என்பதில் ஊராருக்கு ஒரு பெருமையும் உண்டு. ஈஸ்டர் வந்துவிட்டால் பாஸ்கா நாடகமும், அதன் பின் தேரும், மேளமும், வேட்டும், ஒலிபெருக்கியுமாக ஊர் அமர்க்களப்படும். இந்துக் கோவில் தேருக்கும் இந்தத் தேருக்கும் வித்தியாசம் மேலே இருக்கும் உருவத்தில்தான் என்று நாம் சொன்னால் அவ்வூர் நண்பர்கள் கோபித்துக்கொள்வதில்லை, சிரித்துக்கொள்கின்றார்கள்.

அப்படிப்பட்ட ஒரு தேர்க் கூட்டத்தில், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கத்தோலிக்க நண்பர் நம்மைப் பார்த்து, "நீங்கள் எல்லா மதத்தையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கின்றீர்களே, பாதிரியார் இல்லாமல், பூசை இல்லாமல், மணிகூட அடிக்காமல் கூடியிருந்துவிட்டுப் போகின்ற கிறிஸ்தவர்களும் உலகத்தில் உண்டு; உங்கள் பத்திரிகையில் அதை எழுதுவீர்களா?" என்று கேட்டார். எழுதுவோம் என்று சொன்னோம். எழுதுகின்றோம். ஆனால் நல்லதை மட்டும் எழுதுவதாக நாம் வாக்குக் கொடுக்கவில்லை.

அவர் சொன்னது குவேக்கர்களைப் பற்றி. குவேக்கர் என்றால் நடுங்குகின்றவன் என்று அர்த்தம். எதிரிகள் கேலிக்கு வைத்த பெயர் அது. அவர்கள் தங்களை நண்பர்கள் சங்கத்தார் என்று சொல்லிக்கொள்வார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில், ஜார்ஜ் பாக்ஸ் என்கின்ற ஒரு நெசவாளி மகன், செருப்புத் தைக்கக் கற்றவன், கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகன் எதற்கு என்று கேட்டதில் இருந்து ஆரம்பித்த கூட்டம் அது. அவர்கள் கூடும் இடத்தில் பீடம் கிடையாது, படம் கிடையாது, பாட்டு கிடையாது. ஆணும் பெண்ணும் வந்து பெஞ்சுகளில் உட்காருவார்கள். ஒரு மணி நேரம் மவுனம். யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் எழுந்து சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இல்லாவிட்டால் ஒருவரும் பேசாமலே கைகுலுக்கிக் கலைந்துவிடுவார்கள்.

இதைவிட நமக்கு ருசிக்கும் சங்கதி வேறொன்று உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏழையானவன் பிரபுவைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும். பிரபு ஏழையை 'நீ' என்பான். ஏழை பிரபுவை 'நீங்கள்' என்க வேண்டும். குவேக்கர்கள் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். நீதிபதியானாலும் பிரபுவானாலும் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான் என்றார்கள். நம் நாட்டில் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள் என்று சொன்னபோது இடுக்கமாட்டேன் என்று நின்றவன் பட்டபாட்டை நினைத்துப் பார்த்தால், அவர்கள் பட்ட அடியும் சிறையும் எத்தகையவை என்பது தானே விளங்கும். கடவுள்மேல் சத்தியம் செய்யவும் மறுத்தார்கள். எங்கள் பேச்சு எப்போதும் மெய்தான், சத்தியம் எதற்கு என்றார்கள். 1695இல் அவர்களுக்கென்று சட்டம் வழிவிட்டது. கடவுளே இல்லை என்ற சார்லஸ் பிராட்லா போராடி, 1888இல் அந்த வழியை எல்லோருக்கும் உரியதாக்கினார்.

கலியாணமும் அப்படியே. மவுனமாகக் கூடியிருக்கும் சபையில் மணமக்கள் எழுந்து தங்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே சொல்லிவிட்டு உட்காருவார்கள். வந்திருப்பவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். புரோகிதன் கிடையாது. 1753இல் வந்த கலியாணச் சட்டம்கூட அவர்கள் முறையில் கை வைக்கவில்லை. புரோகிதன் இல்லாத நம் கலியாணம் சட்டப்படி செல்லுபடியாக 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனித் தெருவுக்கு வருவோம். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று 1660இல் இங்கிலாந்து அரசனுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். யுத்தத்தில் அடிபட்டவன் எந்தக் கட்சியானாலும் சோறு போட்டதற்காக, 1947இல் இவர்களுடைய இரண்டு சங்கங்களுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் போர்ட் டெட்ரிக் என்கின்ற இடத்தில் நோய்க்கிருமிகளை யுத்த ஆயுதமாக்கும் ஆராய்ச்சி நடந்தது. 1959இல் அதன் வாசலுக்கு எதிரே ஒரு சிறு கூட்டம் போய் நின்றது. 1961 வரை முறை போட்டுக்கொண்டு நின்றது. 1960இல் அமெரிக்க யுத்த இலாகாவின் தலைமைக் கட்டிடமான பென்டகனைச் சுற்றி ஆயிரம் பேரளவில் வந்து வாய் திறக்காமல் நின்றார்கள். 1969இல் கிருமி ஆயுதங்களைக் கைவிடுவதாக அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. இவர்கள் நின்றதனால்தான் அது நடந்தது என்று நாம் அளக்க வரவில்லை. ஆனால், எல்லோரும் பார்க்கப் பயந்த வாசலை ஊர் பார்க்கும்படி செய்தவர்கள் அவர்கள் என்பதில் சந்தேகமில்லை.

இந்த நிற்றலுக்கும் ஒரு முறை உண்டு. குறித்த இடம், குறித்த நேரம், ஒரு வாசகம் எழுதிய ஒரு அட்டை. கோஷம் கிடையாது. கேட்பவனுக்குப் பதில் சொல்ல ஒருவர் மட்டும். திட்டினால் பதில் திட்டு கிடையாது. மணி ஆனதும் போய்விட வேண்டும். அடுத்த வாரம் அதே நேரத்தில் அங்கேயே வந்து நிற்க வேண்டும். கலகக்காரனுக்குப் பிடிக்க வால் கிடைக்காது. வழியில் போகின்றவனுக்கோ அந்த வாசகத்தைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியாது. குவேக்கர்கள் அல்லாதவர்களும் இந்த முறையைக் கையாளுகின்றார்கள். 1988இல் எருசலேமில், தங்கள் அரசாங்கம் அடுத்தவன் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றதே என்று யூதப் பெண்கள் கறுப்பு உடுத்தி வெள்ளிக்கிழமைதோறும் நின்றார்கள். 1990களில் நம் பக்கத்துப் பெங்களூரிலும் பெண்கள் அப்படி நின்றார்கள். குவேக்கரான மார்ஜரி சைக்ஸ் அம்மையார் 1928இல் சென்னைக்குப் பள்ளி ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, பின்னாளில் கோத்தகிரியில் இருந்துகொண்டு சமாதானத் தொண்டுக்கு இளைஞர்களைப் பழக்கினார்.

நிற்க. மவுனமாக உட்கார்ந்தால் உள்ளே கடவுள் பேசுகின்றார் என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியுமா? அவர்கள் சரித்திரத்தையே சாட்சிக்கு அழைப்போம். அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் 1688இல் நான்கு பேர், மனிதனை மனிதன் அடிமையாக வாங்கி விற்பது தகுமா என்று தங்கள் சபைக்கு எழுதிக் கேட்டார்கள். அடிமை வைத்திருப்பவனுக்கு இங்கே இடமில்லை என்று பிலடெல்பியா சபை முடிவு செய்ததோ 1776இல். கடவுள் யோசித்துச் சொல்ல 88 வருஷமா ஆயிற்று? நடுவில், 1738இல், பெஞ்சமின் லே என்கின்ற கூன் விழுந்த குள்ள மனிதர் சபைக்கு நடுவே எழுந்து, அடிமை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் கையில் இருப்பது இரத்தம் என்று சொல்லி, புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த பையைக் கத்தியால் குத்திச் சிவப்புச் சாற்றைப் பீச்சியடித்தார். கடவுள் பேசிவிட்டார் என்றா சபை மகிழ்ந்தது? அவரைத் தள்ளிவைத்தது! ஆகவே அங்கே பேசியதும் மனிதன்தான், பேசாதிருந்ததும் மனிதன்தான். இன்று குவேக்கர்களிலேயே சிலர் கடவுள் நம்பிக்கை இல்லாமல் அந்தச் சபையில் உட்காருவதும் நம் அபிப்பிராயத்துக்குச் சாட்சி.

இன்னும் கேளுங்கள். அடிமை முறையை எதிர்த்த பிறகும், 1830களில் பிலடெல்பியா சபையில் கறுப்பர்களுக்குத் தனிப் பெஞ்சு இருந்தது. சாரா டக்ளஸ் என்னும் கறுப்புப் பெண்மணி, தானும் தன் தாயாரும் அங்கே ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டதை எழுதி வைத்திருக்கின்றார். மவுனம் ஒன்றுதான், பெஞ்சு வேறு! இதைக் கேட்டு நாம் வெள்ளைக்காரனை ஏளனம் செய்ய நமக்கு யோக்கியதை உண்டா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதா கோவிலில் ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்த தடுப்பு 1910இல்தானே இடிக்கப்பட்டது? இடித்ததைப் பொறுக்காமல் உயர்ஜாதிக் கிறிஸ்தவர்கள் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்களே! இந்துக் கோவில் கதையை நாம் சொல்லத் தேவையில்லை.

சரி, நம் நாட்டு மவுனம் எப்படிப்பட்டது? நம்மிடம் மவுனசாமிகள் உண்டு. பேசாமல் உட்கார்ந்திருக்கும் சாமிக்குப் பக்கத்தில் உண்டியல் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அது ஒரு மவுனம். காந்தியாரின் திங்கட்கிழமை மவுனம் இன்னொன்று. இவை இரண்டையும்விடப் பெரிய மவுனம் ஒன்று உண்டு. அதற்குச் சாமியும் வேண்டாம், கிழமையும் வேண்டாம். அதுதான் ஊர் மவுனம்.

2022 டிசம்பரில் நம் ஜில்லாவிலேயே வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்த கொடுமையைத் தேசமே கேட்டது. யார் செய்தது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் அதில் நுழையவில்லை. விசாரிக்கப் போன ஜில்லா கலெக்டர் பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளையையும், ஆதிதிராவிடர்களைக் கோவிலுக்குள் விடாமல் வைத்திருப்பதையும் கண்டு, அவர்களைத் தானே உள்ளே அழைத்துப் போனார். கோவிலுக்குள் போவதால் என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. போகாதே என்று சொல்ல மற்றவன் யார் என்பதே நம் கேள்வி. அந்த இரண்டாவது குவளை கலெக்டர் வந்த அன்று காலையிலா முளைத்தது? அந்தக் கடையில் டீ குடித்த எத்தனை பேர், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் உட்பட, அதைத் தினமும் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்?

பிறரைக் கேட்டால் போதாது. நம் கதையையும் சொல்லிவிடுகின்றோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் இறந்துபோன ஒரு ஆதிதிராவிடக் கிழவியின் பிணத்தைப் பொதுத் தெரு வழியாக எடுத்துப் போகலாமா என்று தகராறு. ஒரு அரசாங்க ஆபீசில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' வைத்தார்கள். பொதுமனிதன் என்று நம்மையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பேசுவதுபோல் பேசினார். ஆனால் "அமைதி காக்க வேண்டும்" என்று சொல்லும்போதெல்லாம் அவர் கண் ஒரு பக்கத்தையே பார்த்தது. இந்த ஒரு தடவை வயல் வரப்பு வழியாகவே போகட்டும் என்று எழுதினார்கள். கிழவியின் மகன் நம் முகத்தைப் பார்த்தான். மேடையில் மூன்று மணி நேரம் பேசுகின்ற நாம் அங்கே ஒரு வார்த்தை பேசாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பிணம் சேற்றில் போயிற்று. ஊர் அமைதியாக இருந்தது.

அந்த அமைதி யாருடைய அமைதி? அடித்தவனுக்கு நிம்மதியும் அடிபட்டவனுக்கு வாய்ப்பூட்டும் ஆனதற்கே நம் ஆபீசுகளில் சமாதானம் என்று பெயர். குவேக்கர் தெருவில் நிற்பதோ இதற்கு நேர் எதிரானது. இவன் வாய் மூடி அநியாயத்தை மறைக்கின்றான். அவன் வாய் மூடி அநியாயத்தைக் காட்டுகின்றான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான். அவர்களுடைய கடவுள் அவர்களிடமே இருக்கட்டும்.

"நம் ஆயுதம் நாக்கு அல்லவா? ஊமையாக நின்றால் ஊரான் சிரிக்கமாட்டானா?" என்று தோழர்கள் கேட்கலாம். பிரசங்கத்தை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. பேசத் தெரிந்தவன் பத்துப் பேர் இருந்தால், பேச வராதவன் ஆயிரம் பேர் இருக்கின்றான். மேடையேறக் கூச்சப்படும் பெண்கள் இருக்கின்றார்கள். அவர்கள் அத்தனை பேரும் நிற்கலாம். மேடையில் பேசுகின்றவனுக்கு மாலையாவது விழும். மாலை இல்லாமல் அரை மணி நேரம் சொந்த ஊர்க்காரன் முகத்துக்கு எதிரே நிற்பதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும். நாம் கையெழுத்துப் போட்ட அன்று நமக்கு இல்லாமல் போனது அந்தத் துணிவுதான்.

ஆகவே நம் யோசனை இது. ஆவூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாதம் ஒரு நாள், பஸ் நிற்கும் இடத்தில், அரை மணி நேரம் நிற்போம். எங்கே இரட்டைக் குவளை இருக்கின்றதோ, எங்கே பிணத்துக்கு வழி இல்லையோ, அந்த ஊர்ப் பெயரை எழுதி ஒரே ஒரு அட்டை. போலீஸ் அனுமதியை முன்னதாகவே கேட்டு வைப்போம். இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம், ஒன்றுமில்லாதவன் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வரிசையில் ஜாதி பார்த்து நிற்கக் கூடாது. நின்று முடிந்ததும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பானையிலிருந்து எடுத்து, ஒரே மாதிரிக் குவளையில் டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டும். பெஞ்சைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்த மவுனம் என்ன ஆயிற்று என்பதைத்தான் மேலே பார்த்தோமே!

கேட்ட கத்தோலிக்க நண்பருக்கு எழுதிவிட்டோம். முதல் நாள் நிற்கும்போது அவரும் பக்கத்தில் வந்து நிற்பார் என்று நம்புகின்றோம். அந்தக் கிழவியின் மகனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கின்றோம். அவன் வருவானோ என்னவோ. வந்தால், நாம் தலை குனியாமல் அவனுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தவர்களா என்பது அன்றைக்குத் தெரியும்.