புரதமும் அளவுநாடாவும்

ரத்தத்தில் மிதக்கும் சில புரதங்களை அளந்து, ஒரு பெண்ணின் உடற்பருமனையும் சினைப்பை நீர்க்கட்டி நோயையும் பற்றி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கை இப்போது பலமாகப் பரவிவருகிறது. அதில் விஞ்ஞானம் பாதி, வியாபாரம் பாதி என்பது என் அபிப்பிராயம்.

1935-இல் சிகாகோவில் இந்நோயை விவரித்த ஸ்டெயின், லெவந்தால் என்னும் வைத்தியர்கள், ஏழு பெண்களின் பருத்த சினைப்பைகளில் ஒரு பாகத்தை அறுத்தெடுத்து, தவறிய மாதவிலக்கு திரும்பக் கண்டார்கள். ஆகவே குற்றமெல்லாம் சினைப்பையினுடையதே என்று வைத்திய உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்ததில் ஆச்சரியமில்லை. 1980-இல், இத்தகைய பெண்களிடம் இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தே உயர்ந்திருப்பது தெரியவந்த பிறகுதான், கணையத்தின்மீதும் கல்லீரலின்மீதும் ஆராய்ச்சியாளரின் பார்வை திரும்பிற்று.

அந்தக் கல்லீரல் செய்யும் ஒரு புரதத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன். எஸ்.எச்.பி.ஜி. என்று ஆய்வுக்கூடத்தார் சுருக்கி வழங்கும் அது, டெஸ்டோஸ்டிரோனை இறுகப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சுமந்து செல்வதால், அப்படிப் பிணைப்புண்ட பங்கு திசுக்களில் புகுந்து சேஷ்டை செய்ய இயலாது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புப் பெருகி, இன்சுலினுக்குத் தேகம் எளிதில் இணங்காமற்போக, கணையம் அதை மேலும் மேலும் சுரக்க, அந்த மிகை இன்சுலின் ஒருபுறம் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைப் பெருக்கி, மறுபுறம் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைத்துவிட, கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் முகத்தில் ரோமமாகவும் பருவாகவும் வெளிப்படுகிறது. மொத்த டெஸ்டோஸ்டிரோன் சாதாரணமாக இருந்தும் உபத்திரவம் குறையாத பெண்ணுக்கு, இந்த ஓர் அளவு காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். (கருத்தடை மாத்திரை உண்பவர்களிடம் இப்புரதம் உயர்ந்து நிற்கும், அதைக் கேளாமல் ரத்தம் எடுப்பது வீண்.)

மற்றவற்றின் கதை வேறு. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின், கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு ரத்தத்தில் ஏறுகிறது; ஒரே எடையுள்ள பெண்களை ஒப்பிட்டால், நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அதில் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கொழுப்பு கூடக்கூடக் குறையும் அடிபோனெக்டினும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் எடைக்கு அப்பாலும் சிறிது வேறுபடுவது மெய்யே. ஆயினும் அந்த வேறுபாடு கூட்டத்தின் சராசரியில் தெரிவதே தவிர, எதிரே அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நிச்சயமாக எதையும் சொல்லாது. இவற்றுக்கென்று பணம் கட்டுவதைவிட, இடுப்பைச் சுற்றி அளவுநாடாவை வைத்து, நம் நாட்டுப் பெண்களுக்குரிய 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது மேல். சினைப்பையே சுரக்கும் ஏ.எம்.எச். என்னும் புரதத்தை, ஸ்கேனுக்குப் பதிலாக ஏற்கலாம் என்று 2023-ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டுதல் அனுமதித்தது, வயதுவந்தவர்களுக்கு மட்டுமே. பள்ளிச் சிறுமிக்கு அந்தச் சோதனையை எழுதிக்கொடுத்து, அதன் எண்ணைக் காட்டித் தாயின் வயிற்றில் புளியைக் கரைப்பவர்களை என்னென்பது!

எந்தச் சோதனையாயினும், அதன் முடிவால் சிகிச்சை மாறுமா என்று முதலில் கேட்க வேண்டும். மாறுமென்று உறுதியாகச் சொல்லத்தக்கது, குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் ரத்தச் சர்க்கரையை அளக்கும் பழைய முறை. இந்நோயுள்ள பெண் மெலிந்தவளாயினும் பருத்தவளாயினும் அவளுடைய சர்க்கரை நிலையைப் பார்த்தே தீரவேண்டும் என்பது அதே வழிகாட்டுதலின் கருத்து. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது பழகிப்போன காரியம். அதே வசதியை, மாதவிலக்குத் தவறி வரும் இளம்பெண்களுக்கும் தாமதமின்றி விரிவுபடுத்தும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.